வாய் திறந்து சொன்னவர்

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்ப வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. நான் அதிகம் படித்தவள் அல்ல. ஊரில் இடப்பெயர்வோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. இங்கே சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். எழுதினால் கர்த்தருடைய நாமத்துக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இப்போது அதைவிடப் பெரிதாகிவிட்டது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எங்கள் ஜெபக்கூட்டத்தில் முகத்துக்கு முன்னால் அவரை "அண்ணை" என்போம். அவர் எழுந்து போன பிறகு "யெப்தா அண்ணை". பட்டம் வைத்தது என் கணவர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் சிட்னிக்கு மேற்கே வென்ட்வேர்த்வில்லில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து விளக்கம் சொல்வது ஆளுக்கொரு முறை. மற்றவர்களுடைய முறை வந்தால் யோசுவா வருவார், கிதியோன் வருவார், தாவீது வருவார். அவருடைய முறை வந்தால் யெப்தாதான். "இண்டைக்கும் யெப்தாவோ அண்ணை?" என்று என் கணவர் கேட்பார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் வெண்டவையைச் சொல்லுறியள். சண்டையில வெண்டு, வீட்டை வந்து தோத்தவன் இவன் ஒருத்தன்தான். இவனையும் ஆராவது சொல்லத்தானே வேணும்" என்பார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யெப்தா பழைய இஸ்ரவேலின் ஒரு படைத்தலைவன். தாய் சரியில்லாதவள் என்று சொல்லி, தகப்பன் வழிச் சகோதரர்களே அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிறகு அம்மோனியர் படையெடுத்து வந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் அவனைத் தேடிப்போய் எங்களுக்குத் தலைவனாக வா என்று கெஞ்சினார்கள். போருக்குப் போகுமுன் அவன் கர்த்தருக்கு ஒரு பொருத்தனை பண்ணினான். ஜெயித்து வந்தால், என் வீட்டு வாசலால் முதலில் எனக்கு எதிரே வருவது உமக்குப் பலி என்றான். ஜெயித்தான். வாசலால் தம்புரு என்ற கைமேளத்தை அடித்து ஆடிக்கொண்டு வந்தது அவனுடைய ஒரே மகள். அவள் அழவில்லை. சொன்னபடி செய்யுங்கள், இரண்டு மாதம் மட்டும் தோழிகளோடு மலையில் போய் அழுதுவிட்டு வருகிறேன் என்றாள். போனாள், வந்தாள். அவன் சொன்னபடி செய்தான்.

அவர் இதைச் சொல்லும்போது பிரசங்கம் மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்வது போல, குரலைத் தாழ்த்திச் சொல்வார். ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "ஏன் அண்ணை, ஆபிரகாம் மகனைப் பலிகுடுக்கக் கத்தியை எடுக்க வானத்திலயிருந்து ஒரு சத்தம் வந்து தடுத்ததுதானே. இந்தப் பிள்ளைக்கு ஏன் ஒரு சத்தமும் வரேல்லை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆபிரகாம் கர்த்தர் கேட்டதைக் குடுக்கப் போனவர் தங்கச்சி. கேட்டவர் நிப்பாட்டலாம். யெப்தா கேக்காததைத் தானாச் சொன்னவன். தானாச் சொன்னவனை ஆர் நிப்பாட்டுறது?"

அவர் அப்படித்தான். வாயிலிருந்து போன வார்த்தை அவருக்குத் திரும்பி வராது. அதனால் லேசில் வார்த்தை கொடுக்கமாட்டார். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும் "பாப்பம்" என்பார். "வாறன்" என்றால் அவருக்குச் சோறு போட்டு வைக்கலாம். ஒருமுறை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாறன் என்றிருந்தார். அன்று பெரும் புயல், ஆலங்கட்டி மழை, ரயில்கள் நின்றுவிட்டன. இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் பரமட்டாவிலிருந்து நடந்தே வந்து, நெற்றியில் ஒரு வீக்கத்தோடு வாசலில் நின்றார்.

"அண்ணை, ஒரு போன் எடுத்திருக்கலாமே!" என்றார் என் கணவர்.

"வாறன் எண்டுதானே சொன்னனான். போன் எடுக்கிறன் எண்டு சொல்லேல்லையே."

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது எங்களுக்கு. அவர் சிரிக்கவில்லை. துவாய் வாங்கித் தலையைத் துடைத்தார்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை இருக்கிறது. ஒருநாள் ரொட்டிக்குள் தலைமயிர் கிடந்ததற்காகக் கோபத்தில், "இனி இந்தக் கடைக் கொத்தில வாய் வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கோ கொத்து என்றால் உயிர். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அதே கடையில் வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தட்டுகள் போவதையும் வருவதையும் பார்த்திருப்பார். கடைக்காரர் ஒருநாள், "அண்ணை, கொத்துப் போடுறவன் இப்ப புது ஆள். சாப்பிடுங்கோவன்" என்றார்.

"நான் ஆளுக்குச் சொல்லேல்லைத் தம்பி. கடைக்குச் சொன்னனான்."

அவர் வேலை செய்தது பரமட்டாவில் ஒரு கோர்ட்டுக் கட்டடத்தில், துப்புரவு வேலை. சாட்சி சொல்பவர்கள் கைவைத்துச் சத்தியம் பண்ணும் வேதபுத்தகத்தையும் அவர்தான் தூசு துடைப்பார். "இதில கை வைச்சுப்போட்டு என்னெல்லாம் சொல்லுகினம் தெரியுமே? மேலட்டை பிசுக்குப் பிடிச்சுக் கிடக்கு" என்பார். சொல்லும்போது தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அவருடைய மனைவி ஊரில் யுத்த நாட்களில் ஷெல் விழுந்து செத்துப்போனார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் வள்ளத்தில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, பிறகு வெளியே வந்தவர். மகளுக்கும் மாமியாருக்கும் விசா கிடைத்தபோது மகளுக்கு ஆறு வயது. விமான நிலையத்துக்கு எங்கள் வான் வண்டியில்தான் போனோம்.

போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி. "தங்கச்சி, வீல்செயாரில வாறவையைத்தானே முதல் வெளியில விடுவினம்?"

"ஓம் அண்ணை. எங்கட மாமி சனத்துக்கெல்லாம் முன்னுக்கு வந்தவா. ராணி மாதிரி."

"மாமிக்கு வீல்செயார் சொல்லியிருக்கிறன். நடக்கக்கூடிய ஆள்தான். எண்டாலும் சொல்லியிருக்கிறன்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. வயதான தாய்மாருக்கு நாற்காலி வண்டி கேட்டுவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம், பாஷை தெரியாமல் முழிக்கவும் வேண்டாம். மாமியாரில் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

வருகைக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் வெட்டாமல் நின்றார். யாரோ ஒரு குடும்பம் வண்டி தள்ளிக்கொண்டு வர, கதவு அகலத் திறந்தது. அந்த இடைவெளியால் ஒரு சின்னப் பெட்டை ஓடி வந்தாள். விமானத்தில் கொடுத்த கலர் பென்சில் தகரப்பெட்டியைக் கையில் பிடித்துக் கிலுக்கிக்கொண்டு, "அப்பா! அப்பா!" என்று குதித்துக் குதித்து வந்தாள். படத்தில் மட்டும் பார்த்த முகத்தை எப்படி அடையாளம் கண்டாளோ.

அவர் கையை விரிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றார். வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளை வந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டது. பிரேதத்தைப் பார்ப்பவர்கள் பார்ப்பதுபோல அவர் குனிந்து பார்த்தார். கனகாலம் பிரிந்திருந்தவர், கூச்சம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வெகுநேரம் கழித்து மாமியார் வண்டியில் வந்தார், ஏசிக்கொண்டே. ஒடியல் மா, அதாவது பனங்கிழங்கு மா, கொண்டுவந்ததற்காக உணவுச் சோதனையில் பிடித்து வைத்துவிட்டார்களாம். "மருமோன் கூழ் குடிச்சுக் கனகாலம் எண்டு போனில சொன்னவர். ஒடியல் மாவும் கருவாடும் கொண்டந்தனான். அந்த வெள்ளைக்காரப் பெட்டை மாவை மணந்து மணந்து பாத்துப்போட்டுக் குப்பையில போட்டிட்டாள். நாசமாப் போக!"

வானில் எல்லோரும் சிரித்தோம். அவர் முன் சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை நன்றாக வளர்ந்தாள். ஞாயிறு பாடசாலை, பிறகு வாலிபர் கூட்டம், பிறகு தாதிப் படிப்பு. தகப்பனைப் போலவே அவளும் சொன்னால் சொன்னதுதான். அவளுக்குச் சோறு சமைத்தது, தலை பின்னியது, பள்ளிக்குக் கொண்டுபோனது எல்லாம் அவர்தான். ஆனால் அவளைத் தொடும்போது இன்னொருவருடைய பொருளைத் தொடுவது போலத்தான் தொடுவார். அது எனக்கு அந்த நாட்களிலேயே உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை.

வாலிபர் கூட்டத்தில் எங்கள் மகனுக்கும் அவளுக்கும் விருப்பமாகிவிட்டது. எங்களுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கேக்கும் பழங்களும் வாங்கிக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். மாமியார் மூலையில் கதிரையில் இருந்தார். மகள் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, பிள்ளையளுக்கு விருப்பம். எங்களுக்கும் நிறைஞ்ச மனசு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் காணும்" என்றார் என் கணவர்.

அவர் கேக் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வார்த்தை சொல்லியாச்சு. எப்பவோ சொல்லியாச்சு" என்றார்.

பிறகு சொன்னார். தடுப்பு முகாமில், கம்பி வேலிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, வாய் திறந்து சத்தமாகவே சொன்னாராம். பிள்ளையையும் மாமியையும் உயிரோடு கொண்டுவந்து தந்தால், அவர்களில் விமான நிலையக் கதவால் முதலில் எனக்கு எதிரே வருபவர் உமக்கு. கலியாணம் இல்லை, குடும்பம் இல்லை, சாகும்வரை உம்முடைய ஊழியத்துக்கு மட்டும்.

"வாறது ரெண்டே ரெண்டு பேர்" என்றார். "மாமிக்கு என்ன, தாலி அறுத்த மனுசி. எப்பிடியும் ஜெபத்திலதான் இருக்கப்போறா. வீல்செயாரும் சொல்லிவிட்டனான்."

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப தம்பி என்னையோ குடுக்க நினைச்சனீர்?" என்று சொல்லி, பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "சொல்லியிருந்தால் நான் ஓடியல்லோ வந்திருப்பன், வீல்செயாரையும் தள்ளிப்போட்டு." பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அந்த ஒடியல் மா" என்றார். "ஐயோ, அந்த ஒடியல் மா." சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. தட்டை மேசையில் வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

"அப்ப நீங்கள் கடவுளைச் சுத்தி ஏமாத்தப் பாத்திருக்கிறீங்கள், என்ன அப்பா?"

"ஓம்" என்றார்.

எங்கள் மகன் எழும்பி, "அங்கிள், திஸ் இஸ் மேட்! அவள் என்ன, சாமானா? நீங்கள் ஆரையும் கேட்காமல்..." என்று கத்தத் தொடங்கினான். மகள் அவனுடைய கையைத் தொட்டாள். அவன் நிறுத்தினான்.

"ரெண்டு மாசம் தாங்கோ அப்பா" என்றாள். "சிநேகிதியளோட மலைக்குப் போட்டு வாறன்."

அது யாருடைய வார்த்தை என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருப்போம், அவருடைய வாயாலேயே. அவர் தலை நிமிராமல், "போட்டு வா" என்றார்.

சிட்னிக்கு மேற்கே ரயிலில் போகும் தூரத்தில்தான் நீலமலை. வாலிபர் கூட்டத்துப் பெட்டைகள் இருவரோடு அங்கே ஒரு சின்ன வீடு எடுத்து இருந்தாள். நான் போன் எடுத்தால், "ஜஸ்ட் எ பிரேக் அன்ரி, குளிராத்தான் இருக்கு" என்பாள். பின்னால் யாரோ அழுவது கேட்கும். அவள் அல்ல, கூடப் போனவர்களில் ஒருத்தி.

இங்கே போதகர் அவரிடம் போனார். நானும் கூட இருந்தேன். "கர்த்தர் கேக்காததை நீங்கள் குடுக்க வேண்டாம். நரபலியை அவர் வெறுக்கிறார். யெப்தா செய்தது சரி எண்டு வேதம் எங்கயும் சொல்லேல்லை" என்று மணிக்கணக்காக விளங்கப்படுத்தினார்.

"சரியெண்டு நானும் சொல்லேல்லைப் பாஸ்ரர்" என்றார் அவர். "எத்தினை வருசம் வாசிச்சனான். அவன் மாத்திச் சொல்லியிருக்கலாமோ எண்டுதான் ஒவ்வொருமுறையும் தேடினனான். ஒரு இடத்திலயும் இல்லை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஏன் திரும்பத் திரும்ப அந்தக் கதை என்று. எங்களுக்குச் சொன்னதல்ல அது. ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்தது.

அந்த நாட்களில் வேலை முடிந்ததும் பரமட்டா ஸ்டேஷனில் போய், மலைக்குப் போகும் ரயில் நிற்கும் மேடையில் இருப்பாராம். ரயில் வரும், கதவு திறக்கும், மூடும். ஏறமாட்டார். வருகிறேன் என்று அவர் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மாதம் முடியுமுன்னே அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கோர்ட்டுக் கட்டடத்தில் தூசுத்துணியோடு விழுந்து கிடந்தார். உயிர் தப்பியது. ஒரு பக்கக் கையும் காலும் போயின. பேச்சும் போனது. வாயைத் திறப்பார், காற்று மட்டும் வரும். நாங்கள் பேசுவது எல்லாம் விளங்கும் என்று டொக்டர் சொன்னார். ஓம், இல்லை என்று தலையால் பிழையில்லாமல் பதில் சொன்னார்.

மகள் மலையிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தாள். ஒருநாள் நாங்கள் இருவரும் மகனும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. கட்டிலுக்குக் குனிந்து, "அண்ணை, உங்கட மனசு எங்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கோ. கலியாணம் கட்டட்டும். விடுறியளோ? தலையை ஆட்டுங்கோ" என்றார்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். ஓம் என்று. கண்ணால் தண்ணீர் ஓடியது. வாய் திறந்து திறந்து மூடியது. திரும்பவும் ஆட்டினார், திரும்பவும்.

"ஸ்தோத்திரம்!" என்று என் கணவர் கத்திவிட்டார். "பாத்தியே பிள்ளை! அப்பா விட்டிட்டார்! எல்லாரும் பாத்தனாங்கள்!" எங்கள் மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அவள் ஒரு டிசு எடுத்துத் தகப்பனின் வாய் ஓரத்தைத் துடைத்தாள். மெதுவாக, தாதிகள் துடைப்பது போல.

"அப்பா, நீங்கள் எனக்குச் சொல்லேல்லை" என்றாள். "கடவுளுக்குச் சொன்னீங்கள், வாயால. இப்ப தலையால எனக்குச் சொல்லி மாத்தேலாது."

அவர் ஆட்டிய தலை நிற்கவில்லை. ஓம், ஓம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் வெளியே வரும்போதும் ஆட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகன் எங்களோடு வானில் ஏறவில்லை. மழைத் தூறலில் பஸ் நிற்குமிடத்தை நோக்கி நடந்து போனான்.

அவள் சொன்னது விசுவாசத்திலா, கோபத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒரே முகத்தோடு வரும் என்று அன்றுதான் கண்டேன். தகப்பன் சாகும்வரை அவள் அவரைக் குழந்தை போலப் பார்த்தாள். அவர் அவளைக் காணும் நேரமெல்லாம் தலையை ஆட்டினார். அடக்கம் முடிந்து, அம்மம்மாவையும் அடக்கம் பண்ணியபின், நாட்டின் உட்பகுதியில் மழை பெய்யாத ஒரு ஊரில் ஊழியக்காரர் நடத்தும் நோயாளர் வீட்டுக்குப் போய்விட்டாள். நத்தார் பண்டிகைக்குப் போன் எடுப்பாள். "சுகமா இருக்கிறன் அன்ரி" என்பாள். மகனைப் பற்றிக் கேட்கமாட்டாள். அவன் மெல்பேர்னுக்கு மாறி மல்கிரேவில் இருக்கிறான். கலியாணப் பேச்சை எடுத்தால், "அம்மா, வைக்கிறன்" என்று போனை வைத்துவிடுவான்.

அவளோடு வாலிபர் கூட்டத்தில் இருந்த பெட்டைகள் வருடத்தில் சில நாட்கள் நீலமலைக்குப் போகிறார்கள். இப்போது கலியாணம் முடித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள். புருசன்மாரைக் கூட்டிப்போவதில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா, கேர்ள்ஸ் ட்ரிப் அன்ரி" என்கிறார்கள். திரும்பி வரும்போது கண்கள் வீங்கியிருக்கும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கதை ஊருக்குள் இரண்டு விதமாக நடமாடுகிறது. சிலர் அவரை விசர் பிடித்தவன், பிள்ளையைப் பலிகொடுத்தவன் என்கிறார்கள். புயலில் நடந்து வந்த மனுசனையும், ரயில் மேடையில் இருந்த தகப்பனையும் அவர்கள் அறியார்கள். வேறு சிலர் கூட்டங்களில் இதைச் சாட்சியாகச் சொல்கிறார்கள், என்ன விசுவாசம், என்ன காணிக்கை என்று. போன மாதம் எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு இளம் தாய் எழும்பி நின்றாள். குறைமாதத்தில் பிறந்த அவளுடைய பிள்ளை ஆஸ்பத்திரியில் சூடு கொடுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. அந்தச் சாட்சியைக் கேட்டவள். கைகளை உயர்த்தி, "ஆண்டவரே, என்ர பிள்ளை பிழைச்சால்..." என்று தொடங்கினாள். நான் ஓடிப்போய் அவளுடைய வாயைப் பொத்தினேன். எல்லோரும் திகைத்துப் போனார்கள். "பிள்ளையைத் தாரும் எண்டு மட்டும் கேள் மோனை. வேற ஒண்டும் சொல்லாதை" என்றேன். அவள் என் கைக்குள் அழுதாள்.

கர்த்தர் நல்லவர். அதிலிருந்து நான் அசையமாட்டேன். கேளாமல் கொடுக்கிறவருக்கு நாங்கள் விலை பேசத் தேவையில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த வேதம்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அவரைப் பரிசுத்தவானாக்கவும் வேண்டாம், பாவியாக்கவும் வேண்டாம். ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், நடந்தபடி சொல்லுங்கள். நாற்காலி வண்டியைச் சொல்லுங்கள், குப்பையில் போன ஒடியல் மாவைச் சொல்லுங்கள். முக்கியமாக, கடைசியில் நிற்காமல் ஆடிய அந்தத் தலையை விட்டுவிடாதீர்கள். சாட்சி சொல்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.